விற்றவருக்கு நாற்காலி இல்லை

1999, 2000 பங்குச் சந்தை ஏற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேராசையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காலத்தில் கும்பகோணத்தில், பெரிய தரகருக்காக ஊரில் பங்கு வாங்கி விற்றுத் தரும் ஒரு சப்-புரோக்கர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் பேராசைக்காரர் என்று சொல்ல ஓரிருவர் தேறினால் அதிகம். மற்றவர்கள் சிக்கனமானவர்கள், வெற்றிலைக் கவுளிக்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லி நின்று பேசுகிறவர்கள். அவர்களைக் கட்டிப்போட்டது அந்த அலுவலகத்தில் நடந்த பேச்சு.

அலுவலகம் நாகேஸ்வரன் கோயில் பக்கம் ஒரு கடையின் மாடியில் இருந்தது. மொட்டைமாடியில் டிஷ் ஆண்டெனா, உள்ளே இரண்டு கணினித் திரைகள், மின்சாரம் போனால் கீச்சிடும் யுபிஎஸ். தேசியப் பங்குச் சந்தை 1994இல் பங்கு வணிகத்தைத் தொடங்கியபோது செயற்கைக்கோள் வழியாக ஊர் ஊராகத் திரைகளை இணைத்தது. மும்பையில் தரகர்கள் கூவிக் கூவி நடத்திய தொழில் காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். அதற்கு முன் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பங்கு வாங்கவேண்டுமானால் சென்னைத் தரகருக்குத் தொலைபேச வேண்டும். என்ன விலைக்கு வாங்கினார் என்பது அவர் சொன்னால் உண்டு. பத்திரம் தபாலில் வரும். பெயர் மாற்றத்துக்கு அனுப்பினால், விற்றவரின் கையெழுத்து பொருந்தவில்லை என்று ‘பேட் டெலிவரி’யாகித் திரும்பி வரும். 1996இல் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் என்எஸ்டிஎல் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் பெரிய பங்குகள் எல்லாம் டிமேட் என்ற காகிதமில்லாக் கணக்குக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. வாங்குவதும் விற்பதும் சுலபமாயின. நாள் முழுக்க உட்கார்ந்து திரையைப் பார்க்க ஒரு காரணமும் கிடைத்தது.

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தோம். எது யாருடையது என்று எழுதி வைக்கவில்லை என்றாலும் எல்லாருக்கும் தெரியும். திரைக்கு நேர் எதிரே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் வலங்கைமான் பக்கத்து மிராசுதார். பிறகு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஹோமியோபதி மருத்துவர், பாத்திர வியாபாரி. மூன்றரை மணிக்குச் சந்தை மூடினாலும் இவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். கீழே போய் நான் காபி வாங்கி வருவேன். உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும்.

அந்தப் பேச்சில் யாருடைய சொல்லுக்கு எடை என்பதைப் பிள்ளைகள் தீர்மானித்தார்கள். ஒய்டூகே என்ற 2000ஆம் ஆண்டுப் பிழையைத் திருத்தும் வேலைக்காக டெல்டாவின் பொறியியல் பட்டதாரிகள் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். எச்-1பி விசாவின் ஆண்டு உச்சவரம்பை அமெரிக்கா 65,000இலிருந்து 1,15,000 ஆக உயர்த்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனிடமிருந்து போன் வரும். திங்கட்கிழமை அலுவலகத்தில் “பையன் சொன்னான்” என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். நியூஜெர்சிப் பையனுக்கு ஒரு மதிப்பு, சான்ஹோசேப் பையனுக்கு அதைவிடக் கூடுதல் மதிப்பு. பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போகாதவர்கள் இந்த நேரத்தில் சற்றுச் சுருங்கித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பையன் சொன்னதில் பெரும்பாலும் தவறு இருக்காது. இன்ன நிறுவனத்துக்கு வேலை குவிகிறது, ஆள் கிடைக்கவில்லை, சிஸ்கோ செய்யும் ரவுட்டர் இல்லாமல் இணையம் ஓடாது. எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் ஒரு நிறுவனத்துக்கு வேலை நிறைய இருக்கிறது என்பது ஒரு செய்தி. அதன் பங்கு இந்த விலைக்குத் தகும் என்பது வேறொரு செய்தி. முதலாவதைச் சொன்ன பையன் இரண்டாவதையும் சொன்னதாகவே அப்பாக்கள் எடுத்துக்கொண்டார்கள். 2000 மார்ச்சில் சந்தை மதிப்பில் உலகின் முதல் நிறுவனமாக நின்றது சிஸ்கோ. அதன் கருவிகளை இன்றும் உலகம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மார்ச் மாத விலைக்குத் திரும்பி வர அதன் பங்குக்கு இருபது ஆண்டுகள் போதவில்லை.

பையன் கதைக்கு அடுத்தபடியாகத் தவறவிட்ட கதைகள். இன்ஃபோசிஸ் 1993இல் பங்கு ஒன்றை 95 ரூபாய்க்கு வெளியிட்டபோது முழுமையாகக் கேட்பாரில்லை. மிச்சத்தை மார்கன் ஸ்டான்லி எடுத்துக்கொண்டது. பட்டியலான அன்று விலை 145. 1999 மார்ச்சில் அந்நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கே போய்விட்டது. இதை வங்கி அதிகாரி சொல்லிக் கேட்க வேண்டும். “விண்ணப்பப் படிவம் என் மேசையிலேயே கிடந்தது சார். அதன் பின்பக்கத்தில் மளிகைக் கணக்குப் போட்டேன்.” எல்லாரும் சிரிப்பார்கள். இதே கதையை வாரம் தவறாமல் சொல்வார். வாரம் தவறாமல் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, “தம்பி, நாளைக்கு ஒரு ஐம்பது போட்டு வை” என்பார். எந்த நிறுவனம் என்பதை அதற்குப் பிறகுதான் யோசிப்பார்கள்.

விப்ரோ என்றால் எங்கள் பெரியவர்களுக்கு வனஸ்பதி நிறுவனம். அது வாஸ்தவம்தான், 1945இல் தாவர எண்ணெய்த் தொழிலாகத்தான் அது பிறந்தது. 2000 பிப்ரவரியில் அதன் பங்கு பத்தாயிரம் ரூபாயை நெருங்கியபோது, பங்குக்கு அது ஈட்டிய லாபத்தைப்போல் விலை பல நூறு மடங்காக இருந்தது. 1999 நவம்பரில் சத்யம் இன்ஃபோவே, இந்தியாவேர்ல்ட் என்ற இணையதளக் குடும்பத்தை 499 கோடி ரூபாய் பேசி வாங்கியது. அந்தக் குடும்பத்தில் சமையல் குறிப்புத் தளம் ஒன்றும் உண்டு என்று தெரிந்ததும் மருத்துவர், “என் மனைவியின் வத்தக்குழம்புக்கு எத்தனை கோடி தேறும்?” என்று கேட்டார். அது கிண்டல்தான். ஆனால் மறுநாளே இணையத்தோடு ஏதோ ஒட்டுறவு உள்ள பெயராகப் பார்த்து ஒரு பங்கை வாங்கினார். பெயரில் ‘இன்ஃபோ’வோ ‘சாஃப்ட்’டோ ஒட்டிக்கொண்டாலே விலை ஏறிய நாட்கள் அவை. மும்பைச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 1999 அக்டோபரில் 5000ஐத் தாண்டியது, 2000 பிப்ரவரியில் 6000ஐத் தொட்டது.

மிராசுதாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வேலி நிலம் விலைக்கு வருகிறது என்று தரகர் யாராவது சொன்னால் அவர் எப்படி விசாரிப்பார் என்பதை அதே அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். வாய்க்கால் தலைமடையா, கடைமடையா? குறுவை உண்டா, ஒருபோகச் சம்பா மட்டுமா? மாவுக்கு எத்தனை கலம் குத்தகை அளக்கிறார்கள்? ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்காத வருடத்தில் என்ன அளந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தரகர் திக்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. திக்காவிட்டால் கலத்தை ரூபாயாக்கி, கிஸ்தி கழித்து, மராமத்து கழித்து, போட்ட பணம் எத்தனை வருடத்தில் ஈடாகும் என்று காகிதம் இல்லாமல் சொல்லிவிடுவார்.

அதே மனிதர், சென்னையில் இருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பங்கை வாங்கினார். அது வருடத்துக்கு என்ன அளக்கிறது என்று கேட்கவே இல்லை. அவருக்குக் கேட்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் கூட்டத்திலேயே அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அமெரிக்கக் கணினி நிறுவனமான சன் மைக்ரோசிஸ்டம்ஸின் தலைவர் ஸ்காட் மெக்நீலி எல்லாம் சரிந்த பிறகு, 2002இல், தன் பங்கை உச்ச விலையில் வாங்கியவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். வருட விற்பனையைப்போல் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கினீர்கள். பத்தாண்டில் உங்கள் பணம் திரும்ப வேண்டுமென்றால், விற்பனையில் வரும் பணம் முழுவதையும் பத்தாண்டுகளுக்கு நான் உங்களுக்கே கொடுக்க வேண்டும். சரக்குக்குச் செலவு கூடாது, சம்பளம் கூடாது, வரி கூடாது, ஆராய்ச்சி கூடாது. என்ன நினைத்துக்கொண்டு வாங்கினீர்கள்? கலிபோர்னியாக்காரர் கேட்டது வலங்கைமான் கணக்கேதான். இரண்டு ஆண்டுகள் முன்னால் எங்கள் மாடியிலேயே அதைக் கேட்டிருக்கலாம்.

கேட்கவும் கேட்டார்கள், ஒரு முறை. ஆசிரியர் ஒருநாள் சாயங்காலம், “இந்த நிறுவனம் பங்குக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது? யாருக்காவது தெரியுமா?” என்றார். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வங்கி அதிகாரி, “வாத்தியாருக்கு எங்கே போனாலும் பரீட்சைதான்” என்றார். பெரிய சிரிப்பு. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு கடன் பாக்கியைக் கேட்டவரைப்போல ஆகிவிட்டிருந்தார், பாவம்.

இதற்கு மாறாக, பங்கு என்ன கொடுக்கிறது என்று மட்டுமே கேட்ட ஒருவர் உண்டு. திருவிடைமருதூரிலிருந்து வரும் ஒரு மாமி. 1970களில் ஃபெரா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் காரணமாக வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்குகளை இந்தியர்களுக்கு விற்றபோது, அவருடைய கணவர் சிலவற்றை வாங்கிப் போட்டுவிட்டுக் காலமாகியிருந்தார். மாமி வருவது டிவிடெண்ட் வாரண்ட், அதாவது பங்காதாயக் காசோலை, வராத நேரத்தில், அல்லது கையெழுத்துச் சிக்கலுக்கு. நாற்காலியில் உட்கார மாட்டார். “இந்த வருஷம் என்னப்பா கொடுக்கிறான்?” என்பார். சொன்னால், போன வருடத்தோடு ஒப்பிட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார். பங்கின் விலை என்ன என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. குத்தகை நெல் அளப்பவரிடம் பேசிய பழக்கத்தில் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். நாற்காலிக்காரர்கள் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவர் ஞானி என்று சொல்ல வரவில்லை. மீதிப் பணத்தையெல்லாம் யூனிட் டிரஸ்ட் (யுடிஐ) நடத்திய யூனிட் 64 என்ற பரஸ்பர நிதித் திட்டத்தில் போட்டு வைத்திருந்தார். அது பின்னால் வருகிறது.

முதலில் பாத்திர வியாபாரி. மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால், 2000 ஜனவரியில் வைத்திருந்த கணினிப் பங்குகள் அனைத்தையும் விற்றார். வேறு யோசனை எதுவும் கிடையாது. நகை வாங்க வேண்டும், சத்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், விற்றார். கல்யாணம் முடிந்து பழையபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். விலைகள் ஏறிக்கொண்டே இருந்தன. “அண்ணே, நீங்கள் கொடுத்தது இன்று என்ன விலை தெரியுமா?” என்று ஒருவர் விசாரிப்பார். இன்னொருவர் பெருக்கி வித்தியாசத்தைச் சொல்வார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பேச்சில் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், கொடுப்பதற்கு வேறெதுவும் இல்லை. பையன் சொன்னதைக் கேட்டு அவர் செய்ய ஒன்றுமில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்ற கவலையும் அவருக்கு இல்லை. திரையில் ஓடும் எண்களில் அவருடையது என்று ஒன்றுகூட இல்லை. மாசி பிறந்த பிறகு வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய நாற்காலியில் நெல் வியாபாரி ஒருவர் உட்கார்ந்தார்.

வருடக் கடைசியில் அவரைத் தீர்க்கதரிசி என்று ஊரில் புகழ்ந்தார்கள். அவர் கடை வாசலில் நின்று, “மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால் நானும் போயிருப்பேன்” என்றார்.

நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10இல் 5,048 புள்ளிகளில் முடிந்தது. 2002 அக்டோபரில் 1,114. தூரத்திலிருந்து பார்த்தால் மலையிலிருந்து விழுந்ததுபோல் இருக்கிறது. கும்பகோணத்தில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. வாரத்துக்கு வாரம் இறங்கியது, நடுநடுவே ஏறவும் செய்தது. ஏறிய நாட்களில் காபியோடு பஜ்ஜியும் வந்தது. கேத்தன் பாரேக் என்ற மும்பைத் தரகர் பிடித்துவைத்திருந்த ‘கே-10’ பங்குகளில் பென்டாமீடியா, டிஎஸ்கியூ சாஃப்ட்வேர், எஸ்எஸ்ஐ என்று சென்னைப் பெயர்கள் மூன்று இருந்தன. 2001 மார்ச்சில் அகமதாபாத்தின் மாதவ்புரா கூட்டுறவு வங்கியில் அவர் வாங்கிய கடன் விவகாரம் வெளியே வந்து, மாதக் கடைசியில் அவர் கைதானார். அன்றுகூட மருத்துவர், “அவர் வெளியே வந்துவிட்டால் விலை திரும்பிவிடும்” என்றார். ஒருவர் சிறைக்குப் போனதை இவ்வளவு நல்ல செய்தியாக எடுத்துக்கொண்ட கூட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை.

என்னைத் திகைக்க வைத்தது என்னவென்றால், இறங்கிய காலத்தில் நாற்காலிகள் காலியாகவில்லை. முன்னைவிட நேரத்தோடு வந்தார்கள். பேச்சு இன்னும் நெருக்கமாயிற்று. விலையைப் பற்றிப் பேசுவது குறைந்து காரணங்களைப் பற்றிப் பேசுவது கூடியது: பட்ஜெட், அமெரிக்கத் தேர்தல், பட்லாவை, அதாவது முழுப் பணம் கட்டாமல் கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் முறையை, நிறுத்தப்போகிறார்களாம். இறங்கிய விலையில் இன்னும் கொஞ்சம் வாங்கி ‘ஆவரேஜ்’ செய்ய ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்களும் செய்தார்கள். ஒருவர் விற்றுவிட்டால் அவர் மற்றவர்களைப் பார்த்து, உங்கள் பணம் போய்விட்டது என்று சொன்னதாக ஆகும். தினமும் முகம் பார்த்துக் காபி குடிக்கிறவர்களிடம் அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பாத்திர வியாபாரிக்கு நேர்ந்தது எல்லாருக்கும் நினைவில் இருந்தது. லாபத்தில் விற்றவருக்கே நாற்காலி போயிற்று. நட்டத்தில் விற்கிறவர் எங்கே போய் உட்காருவார்?

2001 ஜூலையில் யூனிட் 64இன் விற்பனையையும் திரும்ப வாங்குதலையும் யுடிஐ ஆறு மாதங்களுக்கு நிறுத்தியது. திருவிடைமருதூர் மாமி அன்றைக்குத்தான் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். கணினிப் பங்கு ஒன்றைக்கூட அவர் வாங்கியதில்லை. ஆனால் அவருடைய பணத்தை வைத்திருந்தவர்கள் வாங்கியிருந்தார்கள். “சர்க்கார் நடத்துவது என்றுதானே போட்டேன்” என்று மட்டும் சொன்னார். 2002இல் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. மிராசுதார் கொஞ்சம் நிலத்தை விற்றுச் சென்னைத் தரகரின் பாக்கியைத் தீர்த்தார். அந்த வருடமே நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது மாடியும் இல்லை, நாற்காலியும் இல்லை. 2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள், 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டிவிட்டன. ஊக வணிகத்தைப் பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ என்ற முன்பேர ஒப்பந்தப் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகச் சொல்கிறது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அக்கா மகன் சென்னை நிறுவனம் ஒன்றுக்காகக் கும்பகோணத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். எஃப் அண்ட் ஓ பக்கமெல்லாம் போக மாட்டான். ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வரம்புக்குள் அமெரிக்கப் பங்குகளைச் சிறுகச் சிறுக வாங்குகிறான், முக்கியமாக ஏஐ சிப் செய்யும் என்விடியா. கல்லூரி நண்பர்கள் சேர்ந்து வாட்ஸப் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரி 27இல், சீனாவின் டீப்சீக் என்ற மலிவான ஏஐ பற்றிய செய்தி வந்து என்விடியாவின் மதிப்பில் சுமார் 59,000 கோடி டாலர் ஒரே நாளில் கரைந்தபோது, அந்தக் குழுவில் விடிய விடிய யாரும் தூங்கவில்லையாம். “யாராவது விற்றார்களா?” என்று கேட்டேன். “ஒருவன் விற்றான் மாமா. பிறகு அவன் குழுவில் எதுவும் எழுதுவதில்லை” என்றான்.

இவனிடமும் வலங்கைமான் கணக்கைக் கேட்டுப் பார்த்தேன். திணறுவான் என்றுதான் நினைத்தேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 7,300 கோடி டாலர். அந்த அக்டோபரில் அதன் சந்தை மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. ஆக 68 மடங்கு. “அதுவும் பழைய வருடத்து லாபத்தை வைத்து. இந்த வருடத்து லாபம் இன்னும் அதிகம்” என்றான். 2000இல் எங்கள் மாடியில் யாரிடமும் இல்லாத பதில் இது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அந்த லாபத்தைக் கொடுக்கிற பெரிய வாடிக்கையாளர்கள் இதே வேகத்தில் எத்தனை வருடம் சிப் வாங்குவார்கள், மேட்டூர் திறக்காத வருடம் எப்படி இருக்கும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

பதிலுக்கு அவன் கேட்டான். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டு நிலம் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு இன்று என்ன விலை, குத்தகை என்ன வருகிறது? கைப்பேசியிலேயே வகுத்துக் காட்டினான். என்விடியா அதன் பக்கத்தில் மலிவு. எங்கள் தாத்தா காலத்தில் கலக் கணக்குப் பார்த்து வாங்கிய நிலம், இப்போது யாரும் கலக் கணக்குப் பார்க்காத விலையில் நிற்கிறது.

“அப்படியானால் அதை விற்றுவிடலாமே” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

“விற்றுவிட்டு?” என்றாள் அக்கா. “நிலத்தை விற்றவர்கள் என்று பேர் வாங்கிக்கொண்டு, தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போய் உட்காருவது?”